மாணவரிடையே எளியாரை வாட்டுதல்

பள்ளிக்கூடத்தில் இடைவேளை மணி அடித்ததும் பிள்ளைகள் முற்றத்திற்கு ஓடிவருகின்றனர். ஒருவனை ஒருவன் துரத்துகிறான். துரத்தப்பட்டவன் விழுந்து, எழுந்து, துரத்தியவனையே திருப்பித் துரத்துகிறான். சற்றுத் தொலைவில், சுவரோரமாக, நான்கைந்து பேர் ஒரு சிறுவனைச் சூழ்ந்து நிற்கின்றனர். அவனுடைய புத்தகப் பை ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. எல்லோரும் சிரிக்கின்றனர். பைக்கு உரியவனும் சிரிக்கிறான். தாழ்வாரத்தில் நிற்கும் ஆசிரியர் இரண்டு காட்சிகளையும் ஒரே பார்வையில் கண்டு, பிள்ளைகள் விளையாடுகின்றனர் என்று எண்ணித் திரும்பிவிடுகிறார். முதற் காட்சியைப் பொறுத்தவரை அவர் எண்ணியது சரியே. இரண்டாவது காட்சி நேற்றும் நடந்தது, நாளையும் நடக்கும். பையைப் பிடுங்குவோர் என்றும் அவர்களே. பறிகொடுப்பவன் என்றும் அவனே. அழுதால் துன்பம் இன்னும் மிகும் என்பதை அறிந்திருப்பதாலேயே அவன் சிரிக்கிறான்.

இவ்விரு காட்சிகளையும் பிரித்தறிவது எவ்வாறு, இரண்டாவதைத் தடுப்பது எவ்வாறு என்பன பற்றிக் கடந்த ஐம்பது ஆண்டுகளாகப் பல நாடுகளில் உளநூல் அறிஞர்கள் ஆராய்ந்து வந்துள்ளனர். அவர்கள் கண்டவற்றுள் தலையாயதாக இக்கட்டுரையாளருக்குத் தோன்றுவது இதுவே: வாட்டுவோன், வாட்டப்படுவோன் ஆகிய இருவரை மட்டும் பார்ப்பவர் இதனைப் பெரும்பாலும் தடுக்க இயலாது. சுற்றி நிற்போரையும் பார்த்தல் வேண்டும்.

சொல்லும் பொருளும்

இச்செயலுக்குத் தமிழில் என்ன பெயர் சூட்டுவது என்பதே மொழிபெயர்ப்பாளனுக்கு முதல் இடர்ப்பாடு. கேலி என்றால் பொருள் குறைந்துவிடுகிறது. உற்ற நண்பர்களும் ஒருவரையொருவர் கேலி செய்வது உண்டு. வன்கொடுமை என்னும் சொல்லைப் பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் இழைக்கப்படும் கொடுமைகளைத் தடுக்கும் 1989ஆம் ஆண்டுச் சட்டம் தனக்கென எடுத்துக்கொண்டுவிட்டது. மூத்த மாணவர் புதிய மாணவரை இம்சிப்பதை இலங்கைத் தமிழர் 'பகிடிவதை' என்பர். மிக நல்ல சொல். ஆயினும் அது பெரும்பாலும் பல்கலைக்கழக வாயிலோடு நின்றுவிடுகிறது. 'எளியாரை வலியார் வாட்டினால் வலியாரைத் தெய்வம் வாட்டும்' என்னும் பழமொழியில் வரும் 'வாட்டுதல்' என்ற சொல்லே இங்குப் பொருந்தும். வலியவர் ஒருவர், எளியவர் ஒருவர், ஒரே அடியில் அன்றி நாளடைவில் வாடச் செய்தல் ஆகிய மூன்றும் அச்சொல்லில் அடங்கியுள்ளன. பழமொழியின் பிற்பகுதியை நம்பிப் பெரியவர்கள் வாளாவிருந்துவிடுகின்றனர் என்பது வேறு விஷயம்.

பெயரிடும் தொல்லை ஸ்வீடன் நாட்டினருக்கும் இருந்தது. 1969ஆம் ஆண்டில் பீட்டர்-பால் ஹைனமன் என்னும் மருத்துவர், பலர் கூடி ஒரு பிள்ளையை வருத்துவதைக் குறிக்க 'மொப்னிங்' என்ற சொல்லை அந்நாட்டில் வழக்கிற்குக் கொணர்ந்தார். பறவைகள் ஒன்றுகூடித் தம் பகையை விரட்டுவதற்கு, விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கான்ராட் லோரன்ஸ் என்பாரின் நூலில் ஆளப்பட்ட சொல் அது. பகற்பொழுதில் வெளிப்பட்டுவிட்ட ஆந்தையைக் காகங்கள் சூழ்ந்துகொண்டு கரைந்தும் கொத்தியும் விரட்டுவதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். உவமை கண்முன் நிற்கிறது. ஆனால் சற்றுப் பிழையானது. காகங்கள் விரட்டுவது தம் குஞ்சுகளுக்குக் கேடு செய்யவல்ல பகையை. பிள்ளைகள் விரட்டுவதோ தமக்கு எத்தீங்கும் செய்ய இயலாத ஒருவனை. அன்றியும், கூட்டத்தினர் அனைவரும் சமமாகக் குற்றம் புரிவதுபோல் அச்சொல் தோன்றச் செய்கிறது. இவ்விரண்டாவது குறையை எடுத்துக்காட்டியவர் டான் ஓல்வேயுஸ் என்னும் உளநூல் அறிஞர். உண்மையில் வாட்டுவோர் பெரும்பாலும் இரண்டு மூன்று பேரே. அவர்களுள் ஒருவன் தலைமை தாங்குகிறான். தனியொருவனே வாட்டுவதும் உண்டு என அவர் காட்டினார்.

ஸ்வீடனில் பிறந்து நார்வே நாட்டின் பெர்கன் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றி 2020இல் காலமான ஓல்வேயுஸ், 1973இல் இத்துறையின் முதல் பெருநூலை வெளியிட்டார். வாட்டுதலுக்கு அவர் கூறிய இலக்கணம் இன்றும் வழங்குகிறது. ஒருவரை வருத்த வேண்டுமென்ற எண்ணம் இருத்தல். அது மீண்டும் மீண்டும் நிகழ்தல். தற்காத்துக்கொள்ள இயலாதவாறு இரு திறத்தாரின் வலிமையும் ஏற்றத்தாழ்வாக இருத்தல். சமவலிமையுடைய இருவர் கட்டிப் புரண்டாலும் அது சண்டையேயன்றி வாட்டுதல் ஆகாது. மாறாக, ஒருவர்மேல் ஒருவர் விரல்கூடப் படாமலே கொடிய வாட்டுதல் நிகழக்கூடும். வலிமை என்பது தோள்வலிமை மட்டுமன்று. ஆள் எண்ணிக்கை, வயது, குடும்பச் செல்வம், சாதி, ஆங்கிலம் பேசும் பழக்கம், மற்றவனுடைய இரகசியம் ஒன்றை அறிந்திருத்தல் ஆகிய யாவும் வலிமையே. ஒரு வகுப்பில் நாற்பது மாணவிகள் இருக்க, ஒருத்தியுடன் மட்டும் எவரும் பேசுவதில்லை என்று முடிவு செய்துகொண்டால், அவளுடைய ஆசிரியை கண்டுபிடிப்பதற்கு அங்கே காயமும் இராது, கிழிந்த சட்டையும் இராது.

நார்வேயில் நடந்தது

1982ஆம் ஆண்டின் இறுதியில் வட நார்வேயைச் சேர்ந்த, பத்து முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட சிறுவர் மூவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர் என்ற செய்தி பத்திரிகைகளில் வெளியாயிற்று. உடன் பயின்றோர் செய்த கொடுமையே பெரும்பாலும் காரணம் என்று கருதப்பட்டது. நாடு முழுவதும் எழுந்த கலக்கத்தின் விளைவாக, மறு ஆண்டிலேயே அந்நாட்டுக் கல்வி அமைச்சு எல்லாப் பள்ளிகளிலும் இதற்கெதிரான இயக்கத்தைத் தொடங்கிற்று. அதன் ஆராய்ச்சிப் பொறுப்பு ஓல்வேயுஸிடம் ஒப்படைக்கப்பட்டது.

பெயர் எழுதாமல் விடை தரக்கூடிய வினாத்தாள்களை அவர் மாணவரிடம் வழங்கினார். நார்வேயின் தொடக்கப் பள்ளிகளிலும் நடுநிலைப் பள்ளிகளிலும் நூற்றுக்குப் பதினைந்து பேர் இதில் சம்பந்தப்பட்டவர்கள் என்று விடைகள் காட்டின. ஏறத்தாழ ஒன்பது பேர் வாட்டப்படுவோர். ஏழு பேர் வாட்டுவோர். இரண்டிலும் இடம்பெறுவோர் சிலர். அதுகாறும் பொதுமக்கள் உண்மையென நம்பிய பல கருத்துகள் பொய்யாயின. பெரிய நகரத்துப் பள்ளிகளில்தான் இக்கொடுமை மிகுதி என்பது சரியன்று. வகுப்பில் மாணவர் தொகை மிகுந்தால் இதுவும் மிகும் என்பதும் சரியன்று. பள்ளிக்குப் போகும் வழியில் நடப்பதைக் காட்டிலும் பள்ளிக்குள் நடப்பதே அதிகம். முரடனாய்த் தோன்றும் பையன் உள்ளூர அஞ்சி நடுங்குபவன் என்று நாமெல்லோரும் சொல்லி வருகிறோம் அல்லவா? அவ்வச்சத்தை ஓல்வேயுஸ் எவ்வளவோ தேடியும் காணவில்லை. வாட்டுவோரிடம் தன்னம்பிக்கை குறைவாகக் காணப்படவில்லை. ஆறாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் இடையே பிறரை வாட்டிய பையன்களை அவர் பின்தொடர்ந்து பார்த்தபோது, அவர்களில் நூற்றுக்கு அறுபது பேர் இருபத்து நான்கு வயதிற்குள் ஒரு முறையேனும் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றிருந்தனர். தடுக்கப்படாத பிள்ளைக்கும் அதனால் தீங்கு உண்டு என்பது இதனின்று புலனாகும்.

பருமனான உடல், கண்ணாடி, செம்பட்டை மயிர், வேற்று வட்டாரப் பேச்சு முதலிய புறவேறுபாடுகளே ஒருவனை இலக்காக்குகின்றன என்ற கருத்தும் ஓல்வேயுஸின் ஆய்வில் நிலைபெறவில்லை. இந்த ஒரு முடிவை மட்டும் நம் நாட்டிற்கு அப்படியே கொணர்வது தவறாகும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. அக்கால நார்வேயின் வகுப்பறை பெரும்பாலும் ஒரே நிறமும் ஒரே சமயமும் உடையது. நம் வகுப்பறை அத்தகையதன்று.

பெர்கன் நகரில் 42 பள்ளிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 2,500 மாணவரை இரண்டரை ஆண்டுக்காலம் தொடர்ந்து கவனித்தனர். அங்கே கையாண்ட முறைகள் வியப்பூட்டுமளவுக்கு எளியவை. இடைவேளையில் ஆசிரியர்கள் முற்றத்தில் இருந்தனர். இருந்ததோடன்றி, ஐயம் எழுந்தபோதெல்லாம் தலையிட்டனர். வகுப்புதோறும் மாணவர்களைக் கொண்டே சில விதிகளை வகுத்தனர்: யாரையும் வாட்டமாட்டோம், வாட்டப்படுவோர்க்கு உதவுவோம், தனித்து விடப்பட்டோரைச் சேர்த்துக்கொள்வோம். வாரந்தோறும் அதுபற்றி வகுப்பில் கூடிப் பேசினர். வாட்டியவனிடமும் வாட்டப்பட்டவனிடமும் அவரவர் பெற்றோரிடமும் தனித்தனியே பேசினர். முடிவில் வாட்டுதல் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. திருட்டு, பள்ளிக்கு வாராதிருத்தல், பொருள்களைப் பாழாக்குதல் ஆகியவையும் உடன் குறைந்தன.

இத்தகைய வெற்றி எங்கும் கிட்டிற்று என்று கூற இயலாது. பல நாடுகளில் நடந்த நூறு சோதனைகளை ஒருங்கே வைத்துப் பார்த்த 2019ஆம் ஆண்டு மதிப்பீடு ஒன்றில், வாட்டும் செயல் சராசரியாக நூற்றுக்கு இருபது அளவிலும், வாட்டப்படுதல் நூற்றுக்குப் பதினைந்து அளவிலும் குறைந்ததாகவே காணப்பட்டது. சிறிது என எண்ணுவோர், உலக மாணவரில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் ஒரு மாதத்தில் ஒரு முறையேனும் உடன் பயில்வோரால் வாட்டப்படுகின்றனர் என்று அதே ஆண்டில் யுனெஸ்கோ வெளியிட்ட கணக்கையும் உடன் வைத்துப் பார்க்கவேண்டும்.

சுற்றி நிற்போர்

கனடா நாட்டின் டொரான்டோ நகரில் டெப்ரா பெப்ளர், வெண்டி கிரெய்க் ஆகிய இரு அறிஞர்கள் வேறொரு முறையைக் கையாண்டனர். மாணவரை வினவுவதற்குப் பதிலாக, அவர்கள் சட்டையில் சிறு ஒலிவாங்கியைப் பொருத்தி, தொலைவிலிருந்து முற்றத்தைப் படம் பிடித்தனர். 1997இல் வெளியான முடிவுகளின்படி, வாட்டுதல் நடந்த நேரங்களில் ஆசிரியர்கள் தலையிட்டது நூற்றுக்கு நான்கு முறையே. 2001இல் வெளியான ஆய்வு இன்னும் குறிப்பிடத்தக்கது. நூற்றுக்கு 88 நிகழ்ச்சிகளில் வேறு மாணவர்கள் உடனிருந்தனர். அவர்களில் எவரேனும் தடுக்க முன்வந்தது 19 நிகழ்ச்சிகளில் மட்டுமே. ஆனால் அவ்வாறு முன்வந்தபோது, பாதிக்கு மேற்பட்ட தடவைகளில், பத்து விநாடிகளுக்குள் வாட்டுதல் நின்றுவிட்டது.

பத்து விநாடி! மாதக்கணக்காக ஒரு பிள்ளையை உறங்கவொட்டாது செய்யும் கொடுமையை மற்றொரு பிள்ளையின் 'விட்டுவிடு' என்ற ஒரு சொல் பெரும்பாலும் நிறுத்திவிடுகிறது. காரணம் அறிதற்கரியதன்று. வாட்டுவோன் நாடுவது பெரும்பாலும் பையையோ பணத்தையோ அன்று; காண்போரிடையே தனக்குக் கிடைக்கும் மதிப்பையே. காண்போர் அதனை வழங்க மறுத்தால் அவனுக்கு அங்கே வேலையில்லை.

பின்லாந்து நாட்டின் கிறிஸ்டினா சால்மிவல்லி என்னும் அறிஞரும் அவருடைய துணைவரும் 1996இல் வெளியிட்ட ஆய்வில் இக்காண்போரையே வகைப்படுத்தினர். தலைவனுக்குக் கைகொடுக்கும் துணைவர் சிலர். தாம் எதுவும் செய்யாமல் சிரித்தும் ஆர்ப்பரித்தும் ஊக்குவோர் சிலர். கண்டும் காணாமல் விலகிப்போவோர் பலர். வாட்டப்படுவோனுக்காகப் பரிந்து நிற்போர் சிலர். வாட்டுவோனைத் திருத்துவதைக் காட்டிலும் ஊக்குவோரையும் விலகுவோரையும் பரிந்து நிற்போராக மாற்றுவது எளிது என்ற கொள்கையின்மேல் 'கிவா' என்னும் திட்டம் அந்நாட்டில் உருவாகி, பெரும்பாலான பள்ளிகளில் பரவிற்று.

இவ்வகைப்பாட்டைப் படிக்கும்போது இக்கட்டுரையாளர் தம் பள்ளிப் பருவத்தை எண்ணிப்பார்க்காதிருக்க முடியவில்லை. எங்கள் வகுப்பில் திக்கிப் பேசும் மாணவன் ஒருவன் இருந்தான். வருகைப் பதிவின்போது 'உள்ளேன் ஐயா' என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் பின்வரிசையில் ஒருவன் அதே திக்கலோடு ஒத்துச் சொல்வான். வகுப்பு முழுவதும் சிரிக்கும். சிரித்தவர்களுள் இக்கட்டுரையாளரும் ஒருவர். பின்வரிசை மாணவனை அன்று ஆசிரியர் இருமுறை அடித்திருக்கிறார். சிரித்த முப்பது பேரை ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை. அந்த ஆண்டு நடுவிலேயே அவன் பள்ளியை விட்டு நின்றுவிட்டான். எங்கே போனான் என்று எங்களில் எவரும் விசாரிக்கவில்லை.

அடையாளம் காணுதல்

வாட்டப்படும் பிள்ளை தானாக வந்து சொல்வது அரிது. சொன்னால் மேலும் துன்பம் வரும் என்ற அச்சம் ஒரு காரணம். தான் அதற்குத் தகுதியானவனே என்று நாளடைவில் நம்பிவிடுவது மற்றொரு காரணம். 'நீயும் திருப்பி அடி' என்ற ஒரு வாக்கியத்தோடு தந்தை பேச்சை முடித்துவிடுவார் என்பதும் அவனுக்குத் தெரியும். ஆகவே உடலும் பழக்கங்களும் சொல்வதையே பெரியோர் கவனிக்க வேண்டியுள்ளது. ஞாயிறு மாலையில் தொடங்கித் திங்கட்கிழமை காலையில் முற்றும் வயிற்றுவலி. விடுமுறையில் அவ்வலி இல்லாதிருத்தல். பேனா, அளவுகோல், சில்லறை முதலியவை அடிக்கடி காணாமற்போதல். காரணம் சொல்லாமல் பணம் கேட்டல். உணவுப் பாத்திரம் காலியாக வந்தும் வீடு திரும்பியதும் பெரும்பசி. நேர்வழி இருக்கச் சுற்றுவழியில் செல்லுதல். வீட்டுக்கு வந்த பின்னரே கழிவறைக்கு ஓடுதல். கடைசியாகச் சொன்னதைப் பெற்றோர் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. ஆசிரியர் கண் எட்டாத இடங்களில் பள்ளிக் கழிவறை ஒன்று என்பதை நினைத்தால் அதன் பொருள் விளங்கும். இவற்றுள் ஒன்றை மட்டும் கண்டு முடிவு செய்யலாகாது. இரண்டு மூன்று ஒருங்கே தோன்றி, மதிப்பெண்ணும் இறங்கினால், அமைதியாக விசாரிக்கவேண்டும்.

கைப்பேசி வந்தபின் வீட்டு வாயிலும் இதற்குத் தடையாக இல்லை. முன்பெல்லாம் மாலை மணி அடித்தால் வாட்டப்படுவோனுக்கு மறுநாள் காலைவரை ஓய்வு கிடைத்தது. இன்று இரவு பதினொரு மணிக்கும் வகுப்புத் தோழர் குழுவில் அவனுடைய படம் சுற்றி வருகிறது. காண்போர் தொகையும் எண்ணற்றதாகிவிட்டது. செய்தி வந்த ஒலி கேட்டதும் பிள்ளையின் முகம் மாறுமானால் அதுவும் ஓர் அடையாளமே. அப்போது கைப்பேசியைப் பிடுங்கிக்கொள்வதைவிட, வந்தவற்றை அழிக்காமல் வைக்கச் சொல்வது நல்லது.

இவையெல்லாம் வளர்ந்தால் மறந்துபோகும் என்பார்க்கு ஒரு செய்தி. பிரிட்டனில் 1958ஆம் ஆண்டில் ஒரே வாரத்தில் பிறந்த குழந்தைகளை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்து கவனித்து வருகின்றனர். அவர்களுள் ஏழு வயதிலும் பதினொரு வயதிலும் வாட்டப்பட்டோர் யாவர் என்பதைப் பெற்றோரிடம் கேட்டுக் குறித்திருந்தனர். ஏழாயிரத்துக்கு மேற்பட்ட அவர்களை ஐம்பது வயதில் ஆராய்ந்து 2014இல் முடிவுகளை வெளியிட்டபோது, அடிக்கடி வாட்டப்பட்டோரிடம் மனச்சோர்வும் பதற்றமும் மிகுந்திருந்தன. நட்பும் வருவாயும் குறைந்திருந்தன. நாற்பது ஆண்டுகள் கழிந்தும் பள்ளி முற்றம் அவர்களை விட்டுப் போகவில்லை.

நம் நாட்டுச் சட்டங்கள்

இந்தியாவில் இப்பிரச்சினை முதலில் அரசினரின் கவனத்தை ஈர்த்தது கல்லூரி விடுதிகளில்தான். ராகிங் என்ற பெயரில் வழங்கும் வழக்கம் அறிமுகச் சடங்கு போலத் தோன்றிப் பலர் உயிரைக் குடித்தது. 1996இல் தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரி ஒன்றில் முதலாண்டு மாணவர் ஒருவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, 1997இல் அம்மாநிலம் ராகிங்கைத் தடை செய்து சட்டம் இயற்றிற்று. 2001இலும் அதன் பின்னும் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. மத்தியப் புலனாய்வுத் துறையின் முன்னாள் இயக்குநர் ஆர். கே. ராகவன் தலைமையில் அமைந்த குழு 2007இல் தன் அறிக்கையை அளித்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் விதிமுறைகளைப் பிறப்பித்தது. மாணவரும் பெற்றோரும் உறுதிமொழிப் பத்திரம் அளித்தல், புதிய மாணவர்க்குத் தனி விடுதிப் பகுதி, எதிர்பாராத நேரங்களில் சோதனை, குற்றம் நிகழ்ந்ததாகத் தெரிந்தால் இருபத்து நான்கு மணி நேரத்திற்குள் காவல்துறையில் புகார் ஆகியவை அவற்றுள் அடங்கும். 2016இல் செய்த திருத்தம், நிறம், சமயம், சாதி, பால், மொழி, பிறந்த இடம், பொருளாதார நிலை ஆகியவை காரணமாக ஒருவரை வாட்டுவதையும் ஒதுக்குவதையும் ராகிங் என்றே கொண்டது. நார்வே ஆராய்ச்சி காணாதுவிட்டதை நம் விதிமுறை கண்டுகொண்டது எனலாம்.

குற்றவாளியைக் கண்டறிய இயலாதபோது கூட்டாகத் தண்டிக்கலாம் என்றும் இவ்விதிமுறைகள் கூறுகின்றன. காண்போருக்கும் பொறுப்புண்டு என்ற உண்மையை அது ஏற்கிறது. ஆயினும் அச்சத்தால் வாய் மூடுவோரை மேலும் அச்சுறுத்துவதால் வாய் திறக்குமா என்பது ஐயத்திற்குரியது. டொரான்டோ முற்றத்தில் 'விட்டுவிடு' என்று சொன்ன பிள்ளைகளை எவரும் தண்டனை காட்டி அனுப்பவில்லை.

பள்ளிகளைப் பொறுத்தவரை, மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2015இல் தன்னுடன் இணைந்த பள்ளிகளில் வாட்டுதலைத் தடுக்கும் குழுக்கள் அமைக்குமாறு அறிவுறுத்திற்று. குழு அமைப்பது எளிது. அதன் பெயர்ப்பலகை தலைமையாசிரியர் அறை வாயிலில் தொங்குவதைவிட, இடைவேளையின்போது கழிவறைப் பக்கமும் மாடிப்படிக்குக் கீழும் ஓர் ஆசிரியர் நிற்பது பயனுடையது. விசாரணையின்போது இருவரையும் எதிரெதிரே நிறுத்திக் கைகுலுக்கச் சொல்லும் வழக்கத்தை அறவே விடவேண்டும். சமமானவர்க்கிடையே நேர்ந்த பிணக்கிற்கே அது மருந்து. வலியவன் எதிரில் நின்று எளியவன் உண்மை பேசமாட்டான். கைகுலுக்கும்போதே அடுத்த அடி எங்கே என்பது அவனுக்குத் தெரிந்துவிடும்.

பிள்ளை சொல்லத் தொடங்கும்போது இடைமறிக்காமல் கேட்டு, யார், எங்கே, எத்தனை நாளாக, உடன் யார் யார் நின்றனர் என்பவற்றைத் தேதியோடு குறித்துக்கொண்டு, அதன்பின் பெற்றோர் வகுப்பாசிரியரைச் சந்திக்கலாம். அவனைக் கேளாமல் மறுநாளே பள்ளிக்குச் சென்று உரத்துப் பேசினால், அடுத்த முறை அவன் வீட்டில் வாய் திறக்கமாட்டான். பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் அவர்களுக்காக மற்றவரும் 1098 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். கல்லூரி மாணவர்க்கு ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522. புகார் அளிப்போர் தம் பெயரை வெளியிட வேண்டுவதில்லை. வாட்டப்பட்டவரேதான் பேசவேண்டும் என்பதும் இல்லை, அருகில் நின்று கண்டவரும் பேசலாம்.